இரண்டடி தூரம்

எட்டே முக்காலுக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு
மஞ்சள் பேருந்தை மைதானத்து ஓரம் நிறுத்துவாள்
மார்லிஸ் டிவெய்ட்.
பள்ளி விடும்வரை ஐந்து மணி நேரம் அவளுடையது.
டுலூத் நகராட்சியின் கோல்ஃப் மைதானம்.
மே மாதத்திலும் வேலியடியில் அழுக்குப் பனி.
ஏரிக்காற்று கையுறைக்குள் புகுந்து
விரல்களை எண்ணும்.

நான் பேருந்துகளுக்கு பிரேக் பார்ப்பவன்.
அவள் போனைப் பிடித்துப் படமெடுப்பவனும் நானே.
கூலி, ஒரு ஹாட் டாக். கடுகு வேண்டாம்.

முதல் வீடியோவில்
அவள் அடித்த பந்து பக்கவாட்டில் பாய்ந்து
கழிப்பறைக் கதவில் மோதியது.
உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஆளிருக்கு!"
அவள் சிரித்த சிரிப்பில்
படம் முழுக்க ஆடியது.
கேமராவில் கோளாறில்லை. ஆடியது நான்.
அன்றிரவு பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
இலை உதிர்வதற்குள் நாலு லட்சம்.

ஒரு பத்திரிகைக்காரன் என்னிடம் ஏன் என்று கேட்டான்.
பிரேக் பார்ப்பவனிடம் கேட்கிற கேள்வியா?
ஆனாலும் சொன்னேன்:
டிவியில் ஆடுகிறவர்கள்
பந்து போன திசையைப் பார்த்துத் தொப்பியைத் தொடுகிறார்கள்.
இவள் "ஐயோ, அங்கே போகாதே" என்று பந்தைக் கெஞ்சுகிறாள்.
நாங்களும் எதையெதையோ அப்படித்தான் கெஞ்சுகிறோம்,
வங்கிக் கணக்கை, முழங்காலை, மகனை.
அவன் அதை அச்சில் போடவில்லை.

ஃபார்கோவிலிருந்து ஒரு செவிலி எழுதினாள்:
மூன்று மணிக்கு வார்டு அடங்கியதும் உன் ஏழாம் குழி.
மட்டையைத் தொட்டதே இல்லை நான்.
இன்னொருவன்:
என்ன பார்க்கிறாய் என்றாள் மனைவி.
ஒரு பெண் புதருக்குள் பந்து தேடுகிறாள் என்றேன்.
தள்ளி உட்கார் என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
பணிமனையில் பழைய தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டு
அதில் அடித்துக்கொண்டே இருந்தாள்.
டயர்கள் நடுவே தினமும் அந்த அடி,
முதலில் தகரம் போல, பிறகு மரம் போல,
மார்ச்சில் ஒருநாள்
திரும்பிப் பார்க்க வைக்கும்படி.

வசந்தத்தில் பந்து நூல் பிடித்தாற்போல் போனது.
புதர்கள் சும்மா நின்றன.
"வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டு
ஒவ்வொருவராய்க் கிளம்பிப் போனார்கள்,
கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததைப் போல.
கையுறை நிறுவனம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது:
பழைய மார்லிஸ் எங்கே?
அவள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள்.
இரண்டு தடவை.

வியாழக்கிழமை. பதினெட்டாம் குழி.
இரண்டடி தூரம்.
விழுந்தால் எழுபத்தொன்பது.
வாழ்நாளில் எண்பதுக்குக் கீழே இறங்கியதில்லை அவள்.
வாத்துகள்கூட நடப்பதை நிறுத்தியிருந்தன.
குனிந்தாள்.
பந்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள்,
பிறகு, ஒரு இமைப்பொழுது, போனைப் பார்த்தாள்.

விளிம்பில் வழுக்கி வெளியே நின்றது பந்து.
"ஐயோ" என்றாள். சிரித்தாள்.
இந்த முறை படம் ஆடவில்லை.

ஆறு லட்சம் பேர்.
செவிலி திரும்பி வந்திருந்தாள். அழுதேன் என்று எழுதியிருந்தாள்.

ஒலியை அணைத்து, மெதுவாக ஓடவிட்டு,
அந்த மணிக்கட்டை எத்தனை முறை பார்த்தேனோ.
தானாக வழுக்கும் சக்கரத்துக்கும்
மிதித்து வழுக்கவிடும் சக்கரத்துக்கும்
வித்தியாசம் தெரிந்தவன் நான்.
தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் விடியுமுன் வேலைக்குப் போகும் வழியில்
மைதானத்தில் வெளிச்சம்.
பேருந்தின் முன்விளக்குகளை எரியவிட்டு
பதினெட்டாம் குழியருகே அவள் தனியே.
இரண்டடி தூரம்.
டொக்.
எடுத்து வைத்தாள்.
டொக்.
சிரிக்கவில்லை, பேசவில்லை, பந்தைக் கெஞ்சவில்லை.
என் கை சட்டைப்பைக்குள் போனது,
போனைத் தொட்டது,
அங்கேயே இருந்தது.

ஒன்பது வரை எண்ணினேன்.
பிறகு எனக்கும் நேரமாகிவிட்டது.